மைலேஜுக்கு வாழ்க்கைப்பட்டவள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, பட்டுப்புடவை கட்டி, தலை நிறைய மல்லிகைப் பூ வைத்துக்கொண்டு, நான் என் சொந்தக் காரைப் பின்னாலிருந்து தள்ளினேன்.

கார் ரிப்பேரா? இல்லை. பேட்டரி டவுனா? அதுவும் இல்லை. பெட்ரோல் தீர்ந்துவிட்டதா? முதல் நாள்தான் டேங்க் நிரப்பியிருந்தோம்!

பிறகு ஏன்? எங்கள் வீட்டுக்காரர் ஏகாம்பரம் சொன்ன காரணத்தை அப்படியே தருகிறேன். "நம்ம தெருவ தாண்டறதுக்குள்ள ஃபர்ஸ்ட் கியர்லயே பெட்ரோல உறிஞ்சிடுதும்மா. முனை வரைக்கும் தள்ளிட்டா, அப்பால நான் பாத்துக்கறேன்."

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெரு எப்படி என்றால், காலையில் யாராவது பாவு நீட்டினால் — அதாவது புடவைக்கான பட்டு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டால் — சைக்கிள்கூட ஒதுங்கித்தான் போக வேண்டும். அந்த வேலைக்கு யாரும் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. தானாக வந்து ஆளுக்கொரு கை பிடிப்பார்கள். அதே பழக்கத்தில் அன்றைக்கும் நாலு பேர் ஓடி வந்து காரில் கை வைத்தார்கள்.

"இன்னா ஏகாம்பரம், பேட்டரி பூட்ச்சா?" என்றார் எதிர்வீட்டு அண்ணன்.

"அதெல்லாம் இல்லண்ணே. மைலேஜ்."

அண்ணன் காரிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். துக்க வீட்டில் பார்ப்பார்களே, அப்படி ஒரு பார்வை. எனக்கு மானம் போய்விட்டது.

போன வருஷம் நான் டிரைவிங் கற்றுக்கொண்ட கதையை இதே பக்கத்தில் வாரக்கணக்கில் புலம்பியது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு வரி — ஐம்பது வயசுக்கு மேல் கற்றுக்கொண்டேன், முதல் தடவையே லைசென்ஸ் வாங்கினேன். இந்தக் கார் வாங்கியதே நான் ஓட்டுவதற்காகத்தான்.

ஷோரூமில் நான்தான் வாயைத் திறந்து கேட்டேன். "தம்பி, இது ஓட்டறதுக்கு ஜாலியா இருக்குமா?"

அந்தப் பையன் என்னைப் பார்த்துச் சிரித்தான். பிறகு இவர் பக்கம் திரும்பி, "சார், மைலேஜ் செமையா குடுக்கும்" என்றான். கேட்டது நான், பதில் அவருக்கு. இது எந்த ஊர் நியாயம்?

வாங்கி வந்த பிறகாவது யாராவது கலர் நன்றாக இருக்கிறது என்று சொல்வார்கள் என்று பார்த்தேன். ம்ஹூம். தெருவே கூடி நின்று ஒரே கேள்வி... "எவ்ளோ குடுக்குது?" கோயிலில் சாவியை வாங்கிப் பூஜை போட்டுக் கொடுத்த குருக்கள்கூட, கற்பூரத் தட்டை நீட்டிக்கொண்டே அதைத்தான் கேட்டார்.

முதல் வாரம் ஒரே ஒரு நாள் நான் ஓட்டினேன். பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பினேன். வீட்டுக்கு வந்ததும் இவர் டேஷ்போர்டில் மைலேஜ் ஆவரேஜைப் பார்த்தார். அது கொஞ்சம் இறங்கியிருந்தது. அவ்வளவுதான்! அன்று ராத்திரி மனிதர் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாளிலிருந்து சாவி அவர் சட்டைப் பையில். கேட்டால், "வண்டி புதுசும்மா, கொஞ்சம் செட் ஆவட்டும்" என்பார். எட்டு மாசமாக அது செட் ஆகிக்கொண்டே இருக்கிறது.

இவருடைய தொழிலைச் சொன்னால்தான் இவருடைய வியாதி புரியும். தறிக்காரர்களுக்குப் பட்டையும் ஜரிகையையும் எடை போட்டுக் கொடுப்பார். அது புடவையாகித் திரும்பி வந்ததும் மறுபடி எடை போட்டு வாங்குவார். கிராம் குறைந்தாலும் தெரியும், கூடினாலும் தெரியும். முப்பது வருஷம் தராசையே பார்த்த கண் காரை எப்படிப் பார்க்கும்? ஒருநாள் கடையிலிருந்து எலெக்ட்ரானிக் தராசைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்!

காருக்குள் விரித்திருந்த கால்மிதிகளை எடை போட்டார். வெளியே. குடை... வெளியே. சர்வீஸ் புத்தகம், தண்ணீர் பாட்டில், டிஷ்யூ டப்பா எல்லாம் வெளியே. டேஷ்போர்டில் நான் ஆசையாக ஒட்டியிருந்த பித்தளைப் பிள்ளையாரைப் பெயர்த்து எடுத்துவிட்டு அங்கே ஸ்டிக்கர் பிள்ளையாரை ஒட்டினார். கடைசியில் ஸ்டெப்னி டயரையும் ஜாக்கியையும் உருட்டிக்கொண்டு போய் மாடிப்படிக்குக் கீழே வைத்தார்.

"பஞ்சர் ஆச்சுன்னா?" என்றேன்.

"ஊர்ல இல்லாத பஞ்சர் கடையா?"

கவலைப்படாதீர்கள், இந்தக் கதையில் பஞ்சர் ஆகவில்லை. ஆகியிருந்தால் இந்தப் பத்தியை நான் பொறுமையாக எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

எல்லாவற்றையும் இறக்கிய பிறகு இவர் என்னைப் பார்த்தார். தராசைப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார். "கடைக்குத்தானே வர... பஸ்ல வந்துடேன்?" என்றார். அன்று சமையல் கிடையாது என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

இவ்வளவுக்கும் தூபம் போட்டவர் அன்வர் பாய். இவருடைய பால்ய சிநேகிதர். ஜரிகை வியாபாரம். நாங்கள் வாங்கிய அதே மாதத்தில் அதே மாடலை அவரும் வாங்கினார். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் போனில் ஸ்கோர் சொல்லிக்கொள்வார்கள். பாய் நேற்றைவிட ஒரு புள்ளி கூடுதல் என்றால் எங்கள் வீட்டில் டிவி சத்தம்கூட இருக்காது. அரசியல் பேசினார்கள், கிரிக்கெட் பேசினார்கள், இப்போது இது. இரண்டு பேருக்கும் பேரன் எடுக்கும் வயசு!

போன ஞாயிற்றுக்கிழமை அந்த அன்வர் பாயின் மகள் நஸ்ரினுக்குக் கல்யாணம். வாலாஜாபாத்தில் மண்டபம். பகல் தொழுகைக்கு முன்னால் நிக்காஹ்.

கல்யாணப் பெண்ணின் ஜாக்கெட் எங்கள் தெரு டெய்லரிடம் இருந்தது. கழுத்திலும் கையிலும் நெருக்கமாக ஆரி வேலை. டெய்லரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? வெள்ளிக்கிழமை தருகிறேன் என்றவர், "காஜா மட்டுந்தான்க்கா பாக்கி" என்று சனிக்கிழமை முழுவதையும் ஓட்டி, ஞாயிற்றுக்கிழமை காலையில் கையில் கொடுத்தார். புடவை, நகை, மேக்கப் போடுகிற பெண் எல்லாம் வாலாஜாபாத்தில். ஜாக்கெட் மட்டும் என் மடியில்.

இந்த அவசரத்தில்தான் கார் தள்ளும் வைபவம் நடந்தது.

காரில் உட்கார்ந்த பிறகாவது வேகம் வந்ததா? நாற்பது. அதற்கு மேல் முள் அசையவில்லை. டேஷ்போர்டில் ஒரு சின்ன அம்பு 'கியரை ஏற்று' என்று காட்டும். அது காட்டியதும் இவர் ஏற்றிவிடுவார். நாற்பதில் ஐந்தாவது கியர்! எஞ்சின் குளிர் ஜுரக்காரன் மாதிரி நடுங்கியது. ஏசி கிடையாது. ஜன்னலைத் திறந்தால் காற்று வண்டியைப் பின்னுக்கு இழுக்குமாம், அதனால் அதுவும் மூடியே இருந்தது. வேர்த்துக் கொட்டியது. ஜாக்கெட் நனையக் கூடாதே என்று பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முத்தியால்பேட்டை தாண்டியதும் முன்னால் ஒரு வைக்கோல் டிராக்டர். எதிரே ரோடு காலி. இவர் முந்தவில்லை.

"ஏங்க, போங்களேன்..."

"ஓவர்டேக்குலதாம்மா பெட்ரோல் பாழாவறது. அவனே திரும்பிடுவான், பாரேன்."

அவன் திரும்பவில்லை. போன் அடித்தது. நஸ்ரின்.

"ஆன்ட்டி, எங்க இருக்கீங்க? மேக்கப் எல்லாம் ஆயிடுச்சி. நிக்காஹ் ஓத ஹஜ்ரத் வந்துக்கினு இருக்காராம். நான் இன்னும் நைட்டியில உக்காந்துனு இருக்கேன் ஆன்ட்டி..." பேச்சு அழுகையாக மாறியது.

"அழாதடி கண்ணு, மை கலைஞ்சிடும். இதோ வந்துட்டேன்!"

போனை வைத்துவிட்டு இவரைப் பார்த்தேன். "போலாம், போலாம். டென்ஷன்ல மிதிச்சா ஆவரேஜ் அடிவாங்கும்" என்றார்.

எட்டு மாசத்துக் கோபம் அப்படியே தலைக்கு ஏறியது. "வண்டிய நிறுத்துங்க."

நிறுத்தினாரா? பிரேக் போட்டால் ஓடி வந்த வேகம் வீணாகிவிடுமாம்! காலை எடுத்துவிட்டு உருட்டினார். அது உருண்டது... உருண்டது... ஒரு டீக்கடை, ஒரு உரக்கடை, ஒரு வேப்பமரம் எல்லாம் தாண்டி நின்றது. நான் இறங்கிச் சுற்றி வந்து அவர் பக்கத்துக் கதவைத் திறந்தேன்.

"இறங்குங்க."

"இன்னாம்மா நீ, ரோட்ல நின்னுக்கினு..."

"அந்தப் பக்கம் போய் உக்காருங்க. ஜாக்கெட்ட புடிங்க."

ஜாக்கெட் பையோடு மனிதர் இடம் மாறினார். முதல் வேலையாக ஏசியைப் போட்டேன். "ஏசி..." என்று ஆரம்பித்தார். நான் திரும்பிப் பார்த்த பார்வையில் மீதியை முழுங்கிவிட்டார்.

அடுத்து என்ன நடந்தது என்று எழுத நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

இரண்டாவது கியரில் கொஞ்சம் இழுத்தேன். மூன்றில் இன்னும் கொஞ்சம். இத்தனை நாள் முனகிக்கொண்டிருந்த அந்த மூணு சிலிண்டர் எஞ்சின் தொண்டையைத் திறந்து பாடியது! சின்னக் கார்தானே, எடையே கிடையாது... அதைத்தான் இவர் சுரண்டி எடுத்துவிட்டாரே! ஸ்டியரிங்கை இத்தனூண்டு திருப்பினால் உடனே திரும்பியது. டிராக்டரைத் தாண்டினோம். பெரிய எஞ்சின் இல்லாததால் ஒவ்வொரு ஓவர்டேக்குக்கும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும், கியரை இறக்க வேண்டும், இடம் பார்க்க வேண்டும். அதில்தான் சுவாரசியமே! மிதித்ததும் பறக்கிற காரில் நமக்கு என்ன வேலை? சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

எண்பதைத் தாண்டவில்லை. சத்தியமாக. ஆனால் எனக்குக் குஷி தாங்கவில்லை. மைலேஜ் கொடுக்கிற கார் என்றால் ஓட்டுவதற்கு போர் என்று ஒரு பேச்சு இருக்கிறதே... போர் அடிப்பது கார் இல்லைங்க. மீட்டரைப் பார்த்துக்கொண்டே ஓட்டுகிறவர்கள்தான்.

பக்கத்து சீட்டில் நேரடி வர்ணனை ஓடிக்கொண்டிருந்தது. "இருவத்திரெண்டு... ஐயோ, இருவத்தொண்ணு... போச்சு, இருபது..." விக்கெட் விழுவது போல ஒவ்வொன்றுக்கும் ஒரு 'ச்சு'. நான் காதில் வாங்கவில்லை.

அய்யம்பேட்டைக்கு அப்புறம் ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரி ஒன்று முன்னால் போனது. பொடிக்கல் தெறித்தது. அதைத் தாண்டினால்தான் நேரத்துக்குப் போக முடியும். எனக்கோ கொஞ்சம் பயம். எட்டிப் பார்த்தேன், பின்வாங்கினேன். திரும்பவும் எட்டிப் பார்த்தேன்.

வர்ணனை நின்றுபோயிருந்தது. திரும்பிப் பார்த்தால், இவர் மீட்டரை விட்டுவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்தை நீட்டி, லாரிக்கு அந்தப் பக்கம் தெரிகிறதா என்று பார்த்தார்.

"இரு... பைக் ஒண்ணு வருது... போவட்டும்... காலி. காலிம்மா! மூணாவதுக்கு எறக்கு... மிதி! மிதிம்மா!"

மிதித்தேன். கார் கிறீச்சிட்டுக்கொண்டு லாரியைத் தாண்டியது. "அப்பிடிப் போடு!" என்று தொடையில் தட்டினார். எங்கள் வீட்டுக்காரர்! மிதி என்று சொன்னவர்! ஜாக்கெட் பையை மார்போடு கட்டிக்கொண்டு, சின்னப் பையன் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார். அவர் மேல் இருந்த கோபத்தில் பாதி அந்த இடத்திலேயே இறங்கிவிட்டது. மீதிப் பாதியை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

மண்டப வாசலில் நஸ்ரினின் சித்தி நின்றிருந்தாள். பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். ஹஜ்ரத் வந்து உட்கார்ந்த நேரத்தில் பெண் புடவை கட்டித் தயாராகிவிட்டாள். ஒரு கை மட்டும் கொஞ்சம் டைட். முந்தானையைப் போர்த்திவிட்டோம், யாருக்கும் தெரியவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "தேங்க்ஸ் ஆன்ட்டி" என்று அந்தப் பெண் சொன்னபோது எனக்குத்தான் கண் கலங்கியது. இரண்டு கிழவர்களின் ஸ்கோர் போட்டியில் இவள் கல்யாணம் தாமதமாகியிருக்கும் என்று நினைத்தாலே வயிறு எரிகிறது.

நிக்காஹ் முடிந்து, அத்தர் மணக்க, அன்வர் பாய் வந்து இவரைக் கட்டிப் பிடித்தார். இன்றுதான் மகளைக் கட்டிக் கொடுத்திருக்கிறார். கண்ணெல்லாம் ஈரம். என்ன பேசினார் தெரியுமா?

"ஏகா... வரும்போது இன்னா குடுத்துச்சு?"

இவர் யோசித்தார். "பாக்கல பாய்" என்றார்.

பாய் பதறிப்போய் இவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். "இன்னாபா, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

பிரியாணி சாப்பிட்டு வெளியே வந்தோம். சாவியை அவர் கேட்கவும் இல்லை, நான் கொடுக்கவும் இல்லை. இவர் தானாகப் போய்க் காரின் இடது பக்கக் கதவோரம் நின்றார். நான் ஸ்டார்ட் செய்தேன். ஏறி உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டார். மெதுவாக ஆரம்பித்தார்.

"நேரா வூட்டுக்குப் போயி இன்னா பண்ணப் போறோம்... திருமுக்கூடல் பக்கமா ஒரு ரவுண்டு சுத்திக்கினு போலாமா? பாலத்து மேல காத்து நல்லா வரும்மா."

திருமுக்கூடல் எங்கள் ஊருக்கு நேர் எதிர்த் திசை. 'மைலேஜ் போயிடுமே' என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது. கேட்கவில்லை. ஸ்டியரிங் கைக்கு வந்த பிறகு வாயைக் கட்டுவதுதான் புத்திசாலித்தனம்!