முதுகு காட்டிய மைக்

இதைக் கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளுங்கள். எனக்கு நஷ்டமில்லை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பது என் வேலை. ஒவ்வொரு குப்பியிலும் எடுத்த நேரத்தை நிமிடம் பிசகாமல் எழுதிப் பழகிய கை இது. அன்றும் மணியைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். பேய் ராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னார்களோ தெரியாது. எனக்கு வந்தது மதியம் மூன்று மணிக்கு.

எங்கள் ஊரில் நாலு பேர் சேர்ந்து ஒரு இசைக்குழு நடத்துகிறார்கள். அவர்கள் பாட்டு என்றால் எனக்கு உயிர். முதலில் கைதட்டப் போனேன். பிறகு வயர் சுருட்டப் போனேன். இப்போது எல்லாக் கச்சேரிக்கும் முதல் ஆளாகப் போய் நிற்கிறேன். 'சம்பளமில்லாத உத்தியோகம்' என்று வீட்டில் ஒரே கிண்டல். குழுவில் பாடுகிற பெண்ணை வாண்டு என்போம். ஆள்தான் குள்ளம், குரல் கூரையைப் பிய்க்கும். அக்கா, அக்கா என்று என்னையே சுற்றி வருவாள். கூடப் பிறந்தவர்கள் இல்லாத குறை எனக்கு அவளால் தீர்ந்தது.

வாண்டு வேலை முடிந்து வருவதற்குள் மைக், கிட்டார் எல்லாம் சரியாகக் கேட்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். அதனால் அவள் நிற்கும் இடத்தில் நான் நின்று, அவள் கிட்டாரை மாட்டிக்கொண்டு, அவள் மைக்கில் பேசுவேன். ஒலியைக் கவனிக்கும் பெட்டி அண்ணன் தூரத்தில் உட்கார்ந்து, மேடை ஓரத்து ஸ்பீக்கர் வழியாக, அப்படி நில், இப்படி நில் என்று சொல்வார். என்னை அவர் 'ஊசி' என்றுதான் கூப்பிடுவார்.

அந்தச் சனிக்கிழமை, நாங்கள் அதுவரை போகாத ஒரு பழைய அரங்கம். 2.50க்குப் போனேன். வயதான காவலாளி கதவைத் திறந்துவிட்டார்.

"உங்க ஆளு சாமானெல்லாம் வச்சிட்டாரும்மா."

உள்ளே ஜன்னலே இல்லை. மேடை விளக்குகள் மட்டும் எரிந்தன. அவை கண்ணில் அடித்ததில் எதிரே நாற்காலிகள்கூடத் தெரியவில்லை. பின்சுவரில் உயரத்தில் ஒரு கண்ணாடி அறை மங்கலாகத் தெரிந்தது. பெட்டி அண்ணன் அங்கேதான் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

3.05. ஸ்பீக்கரில் 'டக்' என்று ஒரு சத்தம்.

"ஒண்ணாவது மைக்ல பேசு, தங்கச்சி."

தங்கச்சியா? இன்றைக்கு என்ன புதுசாக மரியாதை என்று சிரித்துக்கொண்டேன். குரலும் கொஞ்சம் கரகரத்தது. சளி பிடித்திருக்கும்.

ஒன்று சரி. இரண்டு சரி. மூன்றாவது, வாண்டுவின் மைக். பேசப் போனால் அது எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. திருப்பி வைத்துத் திருகாணியை இறுக்கினேன். கீழே கிடந்த வயரை ஒதுக்கிவிட்டு நிமிர்ந்தேன். மறுபடியும் முதுகு. ஸ்டாண்டு வாங்கினவனைத் திட்டிக்கொண்டே இன்னும் இறுக்கினேன்.

3.14. அரங்கத்துக்குச் சொந்தமான கிட்டார் சத்தத்தைப் பெரிதாக்கும் ஆம்ப் பெட்டியைப் போட்டேன். 'ங்ங்ங்ங்...' என்று ஒரே இரைச்சல்.

"பின்னாடி ப்ளக்கை மாத்து, தங்கச்சி. மூணு கால் வேண்டாம். பெட்டி மேல ரெண்டு கால் இருக்கு பாரு."

இருந்தது. பழுப்பேறிய பழைய டூ பின் ப்ளக். மேலே விரல் பதியும் அளவுக்குத் தூசி. எர்த் இல்லாமல் எங்கள் கூடத்தில் ஒரு மெஷினை ஓட்டினால் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆனால் இங்கே பெட்டி அண்ணன் சொல்வதுதான் எனக்கு வேதவாக்கு. மாற்றினேன். இரைச்சல் சட்டென்று நின்றது.

"நல்ல பொண்ணு."

பெட்டி அண்ணன் என்னை ஒரு நாளும் பாராட்டியதில்லை.

3.19. கிட்டாரை மாட்டிக்கொண்டேன். கம்பியைத் தொட்டதும் விரலில் எறும்பு ஊறுவது போலிருந்தது.

"மூணாவது மைக்ல பாடு."

"எனக்குப் பாட வராதுண்ணே."

"கிட்ட வா."

போனேன்.

"இன்னும் கிட்ட... உதடு படணும்."

குனிந்தேன். என் கண்ணெதிரே மைக் திரும்பியது. மெதுவாக. யாரோ கையால் பிடித்துத் திருப்புவது போல...

பின்னால் நகர்ந்தேன்.

3.24. பையில் போன் அடித்தது. கிட்டாரைக் கழற்றி வைத்துவிட்டு எடுத்தேன்.

பெட்டி அண்ணன்.

"ஊசி, ஒரு ஸ்டாண்டை மறந்துட்டேன்னு எடுக்க வந்தேன். ரயில்வே கேட்ல மாட்டிக்கிட்டேன். நான் வர்ற வரைக்கும் எதையும் ஆன் பண்ணாத."

"அண்ணே... நீங்க மேல இல்லையா?"

"எந்த மேல?"

ஸ்பீக்கரில் 'டக்.'

"கிட்ட வா, தங்கச்சி."

போனில் பெட்டி அண்ணன் கேட்டார்.

"யாரு அங்க பேசுறது?"

நான் கண்ணாடி அறையை அண்ணாந்து பார்த்தேன்.

3.26. பக்கவாட்டுக் கதவு திறந்தது. வாண்டு. முகம் கழுவிய ஈரம்கூடத் துடைக்காமல் மேடைக்கு ஓடி வந்தாள். கிட்டாரை மாட்டினாள்.

"என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"வா..." என்றது ஸ்பீக்கர்.

வாண்டு மைக் பக்கம் போனாள். இடது கை கம்பியில்.

மைக் திரும்பியது.

"ஐய, இது சுத்துதே!"

சிரித்தாள். அதைப் பிடிக்க வலது கையை நீட்டினாள்.

ஈரக் கை.

எர்த்...

பாய்ந்தேன்.

ப்ளக்கை வயரோடு பிடுங்கினேன்.

3.27.

ஸ்பீக்கரில் ஒரு நீண்ட மூச்சு. சலித்துக்கொள்கிற மூச்சு. பிறகு ஒன்றுமில்லை.

வாண்டுவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

பெட்டி அண்ணன் வந்து, அந்த டூ பின்னை மறுபடி செருகி, கிட்டார் கம்பியில் டெஸ்டரை வைத்தார். பளிச்சென்று எரிந்தது. முழுக் கரண்ட். கம்பியில் ஒரு கையும் மைக்கில் ஒரு கையும் வைத்திருந்தால் ஆள் அங்கேயே முடிந்திருப்பாள் என்றார். அப்புறம் என்னைத் திட்டினார். "கூறு இருக்கா உனக்கு? எவன் சொன்னான் இதை மாட்டச் சொல்லி?"

கண்ணாடி அறையைக் காவலாளி திறந்து காட்டினார். ஒரு நாற்காலி. தரையில் காலடி படாத தூசி. மேடைக்குப் போகும் வயர் பாதியில் வெட்டப்பட்டுத் தொங்கியது. கச்சேரி வேண்டாம் என்று சாமானை ஏற்றினோம்.

நான் வாசலில் செருப்பு மாட்டும்போது காவலாளி பக்கத்தில் வந்தார். பதினோரு வருடத்துக்கு முன்பு இதே மேடையில் பாட வந்த ஒரு பெண் கரண்ட் அடித்துச் செத்துப்போனாளாம். ப்ளக்கை மாற்றியது, குழுவுக்குக் கூடமாட உதவி செய்ய வந்த இன்னொரு பெண். மேலேயிருந்து ஒருவர் சொன்னார், அதனால் மாற்றினேன் என்று அவள் எல்லோரிடமும் கதறியிருக்கிறாள். மேலே அப்போது யாருமே இல்லை. ஒருவரும் நம்பவில்லை.

"ப்ளக்கை மாத்தினவ என் பொண்ணும்மா," என்றார். "நானே நம்பல."

ஸ்பீக்கரில் கேட்டதை நான் இன்னும் ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை.

"உன்னையும் தங்கச்சின்னுதான் கூப்பிட்டானா?"

தலையாட்டினேன். அவர் அங்கேயே படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். வெகுநேரம் அழுதார்.

கிளம்பும் முன் ஒன்று மட்டும் கேட்டேன்.

"அன்னைக்கும் மைக் திரும்புச்சாய்யா?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு இருட்டாகக் கிடந்த மேடையைப் பார்த்தார்.

"இல்லம்மா. தொட விடாம திருப்பி விடுற அந்தப் பாட்டுக்காரப் பொண்ணு அன்னைக்கு உயிரோடதானே இருந்தா."