கிள்ளான் கொட்டகையில் தலைவியாக நின்ற நாள்

நான் பெண் வேடம் போட்டது ஆயுளில் ஒரே ஒரு தடவைதான். முதல் பெரிய போர் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. எனக்கு இருபத்தாறு வயது. கோலாலம்பூர் ரயில்வேயில் சரக்குப் பகுதியில் குமாஸ்தா வேலை. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வேக்காரர்களுக்காகக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில், இன்னொரு குமாஸ்தாவோடு குடியிருந்தேன்.

கல்யாணமாகி நாற்பதாம் நாள் கப்பல் ஏறியவன் நான். மனைவி தஞ்சாவூர்ப் பக்கம் தன் அப்பா வீட்டில் இருந்தாள். மழைக்காலத்துக்குள் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். நான்கு மழைக்காலங்கள் போய்விட்டன.

என்னோடு இருந்த நண்பருக்கும் ஏறக்குறைய என் வயதுதான். கல்யாணம் ஆகவில்லை. பழைய அகப்பாட்டுகள் என்றால் அவருக்குப் பித்து. ஊரிலிருந்து தருவித்த புத்தகங்களைப் பூச்சி அரிக்காமல் தகரப் பெட்டியில் கற்பூரம் போட்டு வைத்திருப்பார். வேலை முடிந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்துவிடுவார். மலை என்றால் காதலர் கூடும் இடம், காடு என்றால் காத்திருக்கும் இடம், வயல் என்றால் ஊடல், கடற்கரை என்றால் புலம்பல், வறண்ட நிலம் என்றால் பிரிவு. மனுஷன் மனசை நிலத்தில் எழுதி வைத்தவர்கள் நம் முன்னோர் என்பார்.

"அப்ப இந்த ரப்பர்க் காட்டுக்கு என்ன?" என்று ஒரு நாள் கேட்டேன்.

அவர் கையிலிருந்த புத்தகத்தை மூடினார். "ஒரு நிலத்துல நாலு தலைமுறை அழுது சிரிச்சாத்தான் அது பாட்டுல வரும். நாம நேத்து வந்தவங்க. இதுக்கு இன்னும் பேர் வைக்கல."

அந்தப் பாட்டுகளின் சாயலில் அவரே ஒரு நாடகம் எழுதினார். பொருள் தேடப் போன கணவனுக்காக ஒருத்தி காத்திருக்கிறாள். கார்காலம் வந்தால் வருவேன் என்று சொல்லிப் போனவன் அவன். மேகம் வருகிறது, முல்லை பூக்கிறது, அவன் வரவில்லை. அவ்வளவுதான் கதை. ரயில்வே ஆட்களே நடிப்பதென்று முடிவானது. தலைவி வேடத்துக்கு மீசையை எடுக்க ஒருவரும் சம்மதிக்கவில்லை. எனக்கு எடுப்பதற்கு மீசையே சரியாக இல்லை.

ஒத்திகையில் எனக்கு அழுகை வரவில்லை.

"உன் சம்சாரத்த நெனைச்சுக்கப்பா, தானா வரும்" என்றார் நண்பர்.

கண்ணை மூடி நினைத்துப் பார்த்தேன். முகம் வரவில்லை. மருதாணி வைத்த குதிகால் வந்தது. கூடத்தைக் கடந்துபோகும் முதுகு வந்தது. நாற்பது நாளில், அத்தனை பேர் இருந்த வீட்டில், அவள் முகத்தை எத்தனை தடவை நேராகப் பார்த்திருப்பேன்? இதை நான் நண்பரிடம் சொல்லவில்லை. தலை வலிக்கிறது என்று சொல்லி வெளியே வந்து, ரயில் பாதை ஓரமாக வெகுதூரம் நடந்தேன்.

நாடகம் கிள்ளானில், ஒரு தகரக் கொட்டகையில். சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள் இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும் என்பதால் ஞாயிற்றுக்கிழமை பிற்பகலிலேயே வைத்தோம். பின்திரைக்குப் படம் எழுதியவர் ஒரு சீனர். முல்லை நிலத்தைப் பற்றி நண்பர் அவருக்குக் கடைத்தெருவில் பேசுகிற பாசார் மலாய் மொழியில் அரைமணி நேரம் விளக்கியிருந்தார். அவரோ தென்னை மரங்களும், பின்னால் பத்துமலை போலச் செங்குத்தான வெள்ளைப் பாறைகளும் எழுதிக் கொடுத்துவிட்டார். மாற்ற நேரமில்லை.

சேலை கட்டி, முகத்துக்கு அரிதாரம் பூசி, அந்தப் பாறைகளுக்கு முன்னால் போய் நின்றேன். கொட்டகை நிறைந்திருந்தது. முன்வரிசையில் தரையில் தோட்டத்துப் பெண்கள். பின்னால் ஆண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். 'மேகமே, நீ எப்போது வருவாய்?' என்பதுதான் என் முதல் வசனம். நான் வாயைத் திறப்பதற்கு முன் வழக்கமான நாலு மணி மழை தகரத்தில் இறங்கியது. என்ன சத்தம் அது. ஆர்மோனியம் கேட்கவில்லை, என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"அதான் வந்திருச்சுல்ல, அப்புறம் என்ன?" என்று யாரோ கத்தினார்கள். கொட்டகையே சிரித்தது.

நண்பர் திரை ஓரத்தில் நின்று கையை ஆட்டினார். தொடரச் சொல்கிறாரா, உள்ளே வரச் சொல்கிறாரா என்று தெரியவில்லை. எனக்கு அடுத்த வரி மறந்துவிட்டது. மழை கொஞ்சம் தணிந்தபோது, ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்று சத்தமாகச் சொன்னேன்.

"இங்க தினமும் மழை பெய்யுது. மழை வந்தா வர்றேன்னு சொன்னீங்க. எந்த மழைக்குன்னு சொல்லலையே."

சிரிப்பு நின்றது. முன்வரிசையில், ரப்பர்ப் பால் வெட்டப் போகும்போது கட்டுகிற துணியைத் தலையிலேயே வைத்திருந்த ஒரு பெண், பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வது போல என்னிடம் சொன்னாள்.

"அவன் வரமாட்டான்டி. எந்திரிச்சு வேலையப் பாரு."

ஒருவரும் சிரிக்கவில்லை. பின்னால் நின்ற ஆண்களில் ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மழைக்குள் இறங்கிப் போனார். எனக்கு அழுகை வந்தது. நடிப்புக்கு வேண்டிய அளவைத் தாண்டி வந்தது. அரிதாரம் கரைந்து கழுத்தில் இறங்கியது. மீதி நாடகத்தை எப்படி முடித்தோம் என்று நினைவில்லை.

திரும்பும் ரயிலில் நண்பர் நாடகத் தாள்களைச் சுருட்டிக் கட்டினார். பிறகு சொன்னார்: "என் நாடகத்த கெடுத்துட்ட." இன்னும் கொஞ்ச தூரம் போனதும், ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "அந்தம்மா சொன்னது என் வசனத்த விட நல்லா இருந்துச்சு" என்றார்.

நடந்ததை மனைவிக்கு எழுதினேன். முகம் மறந்ததை மட்டும் எழுதவில்லை. மழையைப் பார்க்கும்போது என்னை நினைப்பாயா என்று கேட்டிருந்தேன். பதில் வர இரண்டு மாதம் ஆனது. அதுவரை அவள் அப்பாதான் எழுதுவார். இந்த முறை கோணல் எழுத்தில் அவளே எழுதியிருந்தாள். 'மழை வந்தால் கூரை ஒழுகும். பாத்திரம் வைக்கவே நேரம் சரியாயிருக்கும். உங்களை நினைப்பது நல்ல வெயில் நாளில், வேலை ஒன்றும் இல்லாதபோது.'

அந்தக் கடிதத்தை எத்தனை முறை படித்தேனோ. நண்பரிடம் காட்டவில்லை. அடுத்த வருஷம் அவளை வரவழைத்தேன். நண்பர் தன் தகரப் பெட்டியோடு அடுத்த வரிசை வீட்டுக்குக் குடிமாறினார்.

போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் இறங்கி ரயிலில் வரும்போது அவள் ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை. இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள்.

"மரத்தைக்கூட வரிசையிலயா நிக்க வைப்பாங்க?" என்று கேட்டாள்.

நான் வேலைக்குப் போனால் சாயங்காலம்தான் வருவேன். பக்கத்து வீடுகளில் எல்லாரும் ஆண்கள். அவளுக்குப் பேச ஆள் இல்லை. நண்பரிடம் புத்தகம் வாங்கி வந்து ஒரு சாயங்காலம் வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"இதுல வர்ற பொம்பளைங்க எல்லாம் ஒரு தோழிய வச்சுக்கிட்டுப் பேசிட்டே இருக்காங்க. எனக்கு யாரு இருக்கா?"

"நான் இருக்கேன்ல?"

"நீங்க இருக்கீங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

பிரிந்திருப்பவளின் துயரத்துக்கு எத்தனையோ பாட்டு இருக்கிறது. கணவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கத் தனியாக இருக்கிறவளுக்கு எந்த நிலம், எந்தப் பொழுது என்று நான் தேடிப் பார்த்தேன். எனக்குக் கிடைக்கவில்லை. நண்பரிடம் கேட்கவும் தயக்கமாக இருந்தது. கேட்டிருந்தால் யாரைப் பற்றி என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

பதினான்கு மாதம் இருந்தாள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போக வேண்டும் என்றாள். அது வழக்கம்தான், மறுக்க இடமில்லை. ஊருக்குப் போகிற ஒரு குடும்பத்தோடு கப்பல் ஏற்றிவிட்டேன். மேலே போகிற பலகையில் அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. இந்த முறை அந்த முகம் எனக்கு மறக்கவில்லை.

பெண் குழந்தை என்று கடிதம் வந்தது. குழந்தை கொஞ்சம் தேறட்டும் என்று அடுத்த கடிதம். அம்மாவுக்கு முடியவில்லை என்று அதற்கடுத்தது. பிறகு ஒரு கடிதத்தில் காரணம் எதுவும் இல்லை. 'இங்கே பேச ஆள் இருக்கிறது. நீங்கள் வந்துவிடுங்களேன்' என்று மட்டும் இருந்தது. ஊரில் எனக்கு நிலமில்லை, வேலையும் இல்லை. போகவில்லை.

நீண்ட விடுப்பு கிடைத்து ஊருக்குப் போனபோது மகளுக்கு நாலு வயது. நான் சாப்பிட உட்கார்ந்ததும் அவள் தூணைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"யாரும்மா இவரு?"

"கப்பல்ல வந்தவரு" என்றாள் என் மனைவி. சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்திருக்க வேண்டும். கரண்டியைக் கையில் பிடித்தபடி சற்று நின்றாள். பிறகு என் இலையில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.