அணைக்கக் கூடாத பெட்டி

அறுபத்துநான்கு கிலோபைட். தருமபுரத்தில் வீட்டிலிருந்தபடி வேலை பார்க்கும் நௌஷினுக்குப் பிழைப்பே அதற்குள்தான். மீன்பிடிப் படகுகளில் பொருத்தும் செய்திப் பெட்டியின் நினைவகம் அவ்வளவே. அதில் ஓடும் நிரலை 'சி' கணினி மொழியில் எழுதியது அவள். படகிலிருந்து வீட்டுக்குச் செய்தி வருவதும், புயல் எச்சரிக்கை கடலுக்குப் போவதும் அந்தப் பெட்டி வழியாகத்தான்.

செவ்வாய்க்கிழமை மதியம் எச்சரிக்கை போனது. பட்டினச்சேரிப் படகுகள் திரும்பின, ஆதவனுடையதைத் தவிர. அவனுடைய பெட்டி காலையிலேயே பேச்சை நிறுத்தியிருந்தது.

அவன் மனைவி பிரதீபா போன் செய்தாள். நௌஷினோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள்.

"என்னடி, ஒன் பெட்டி செத்துப்போச்சா?"

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். கடைசியா அவரு ஒனக்கு என்ன அனுப்புனாரு?"

"எப்பவும்போல கதைதான். வஞ்சிரம் கெடச்சுது, கொழம்புல உப்பு தூக்கல், ஒங்கம்மா பேசுனாங்களான்னு. நேருல வாயத் தொறக்க மாட்டாரு, அதுல மட்டும் பக்கம் பக்கமா."

நௌஷினுக்கு அப்போதே பிடிபட்டது. சோதித்துப் பார்த்தபோது அவள் ஆங்கிலத்தில் 'ஓகே', 'டெஸ்ட்' என்றுதான் தட்டியிருந்தாள். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழில் 'கொ' என்றாலே ஆறு. நிரலோ ஒவ்வொரு பைட்டுக்கும் நினைவகத்தில் புது இடம் கேட்டு, பழையதை விட்டுக்கொண்டிருந்தது, மீனுக்கு மீன் புதுக் கூடை வாங்குவதைப் போல. விட்ட இடமெல்லாம் துண்டு துண்டாகக் கிடக்க, நீளமான செய்திக்குச் சேர்ந்தாற்போல் இடம் கிடைக்காமல் பெட்டி நின்றுவிட்டது.

திருத்தம் சிறியதுதான். முதலிலேயே ஒரு பெரிய இடம். செய்தி போனதும் அதை விடாமல், நீளத்தை மட்டும் சுழியாக்கி மறுபடி அதையே நிரப்புவது. போதாவிட்டால் இரட்டிப்பாக்குவது. மாலை அஸர் தொழுகைக்குள் முடித்துவிட்டாள். மேசைமேல் இருந்த பெட்டியில் ஆதவன் எழுதுவது மாதிரிக் கதைகளை ஓடவிட்டுப் பார்த்தாள். நிற்கவே இல்லை.

ஆனால் கடலில் நின்றுபோன பெட்டிக்கு அதை அனுப்ப வழியில்லை. அதன் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். நின்றது ஆதவனுக்குத் தெரியாது. நௌஷின் பிரதீபாவுக்குப் போன் செய்தாள்.

"ஒரு தடவ அணைச்சுப் போட்டாப் போதும்டி. எந்திரிச்சிரும்."



"அணைக்க மாட்டாருடி. நீதானே செவப்பு எழுத்துல ஒட்டுன, அணைக்கக் கூடாதுன்னு. அதுக்கு விபூதி வச்சில்ல பாத்துக்குறாரு."

கடலோரக் காவல் படைக்குச் சொல்லியாயிற்று. வயர்லெஸ் அவ்வளவு தூரம் எட்டாது. திரும்பி வந்தவர்களுக்கும் அவன் எந்தப் பக்கம் போனான் என்று தெரியவில்லை. நௌஷினின் திரையில் ஆதவன் பெயருக்கு எதிரே, பெட்டி கடைசியாகப் பேசிய காலை நேரமே நின்றது. ஜன்னல் கதவு காற்றில் அடித்துக்கொண்டது.

கரையிலிருக்கும் படகுகளுக்கு நாளைக் காலை புது நிரலை ஏற்றுகிறார்கள். 'அணைக்கக் கூடாது' என்று ஒட்டிய தாள்களைக் கிழிக்க நௌஷினும் பட்டினச்சேரிக்குப் போகிறாள்.