டிக்கெட்டுக்குள் அடங்கிய சாப்பாடு

என்னிடம் ஓர் அட்டை இருக்கிறது. உள்ளங்கை அளவு, ஓரத்தில் பொன்நிறக் கோடு. ஒரு பக்கம் கப்பலின் சாப்பாட்டுக்கூடத்தில் எனக்கு ஒதுக்கிய மேசை எண்ணும், என் பெயரும் அச்சாகியிருக்கின்றன. மறுபக்கம் என் கையெழுத்தில் ஒரு குறிப்பு: 'வியாழன், இரண்டாம் நாள். கடல் அமைதி. பரிமாறுபவர் இன்று என் பெயர் சொல்லி அழைத்தார். காரம் வேண்டும் என்று நேற்றுச் சொன்னதை நினைவில் வைத்திருக்கிறார்.'

தேதியில்லாத நினைவை நான் நம்புவதில்லை. ஆனால் இந்த அட்டையில் கிழமை இருக்கிறதே தவிர ஆண்டு இல்லை. என் மூத்த மகள் பிளஸ் டூ எழுதி முடித்த கோடை அது என்பதை வைத்துத்தான் ஆண்டைக் கண்டுகொள்கிறேன்.

ஊட்டி மார்க்கெட்டுக்கு எதிரே மாடியில் இருந்த ஒரு டிராவல் ஏஜென்சியில் கவுண்டர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ரயில், பஸ், விமானம் என்று டிக்கெட் போட்டுக்கொண்டிருந்த எங்களுக்குக் கடைசியாக வந்து சேர்ந்தது கப்பல். இப்போது இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் கப்பல் கட்டணம் ஏன் இப்படி ஏறி இறங்குகிறது என்று என்னிடம் கேட்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஃபேம் ட்ரிப்

கப்பலை விற்க வேண்டுமானால் ஏஜெண்ட் அதைப் பார்த்திருக்க வேண்டும் என்று கம்பெனிகளே இலவசமாக அழைத்துப் போன காலம் ஒன்று உண்டு. அதற்கு ஃபேம் ட்ரிப் என்று பெயர். எங்கள் முதலாளிக்குத் தண்ணீர் என்றால் பயம். "நீங்களே போயிட்டு வந்துருங்க அம்மணி. என்னைய எங்க கூப்புட்டாலும் வர்றேன், தரை மட்டும் வேணும்" என்றார். அப்படித்தான் சிங்கப்பூரிலிருந்து மூன்று இரவுகள் போய் வந்தேன். மேலே சொன்ன அட்டை அந்தப் பயணத்துடையது.

திரும்பி வந்ததும் நான் முதலில் கதை சொன்னது முதலாளியிடம் அல்ல, மைமூன் அக்காவிடம். எங்கள் ஆபீசுக்கு இரண்டு கட்டடம் தள்ளி அவருடைய தம்பி காதர் பாயின் லாட்ஜ். கணவர் தவறிய பிறகு தம்பியோடு வந்து சேர்ந்த அக்கா, லாட்ஜின் சமையற்கட்டைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். நான் மதியம் அங்கேதான் சாப்பிடுவேன். அத்தனை வருடத்தில் அவர் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் தட்டு, அடுப்பைப் பார்த்தபடி நாலு வாய். சீசனில் அதுவும் இல்லை.

"உக்காந்த ஒடனே மடியில துணி விரிக்கறாங்கக்கா" என்றேன்.

"மடியிலயா? நீ என்ன பச்சக் கொழந்தையா?" என்று சிரித்தார். "அப்புறம்?"

"சூப் வருது. அத எடுத்துட்டுப் போயி மீன் வருது. நாம எந்திரிக்கவே வேண்டியதில்ல."

"போதலைன்னா?"

"தலைய நிமித்தினா போதும், வந்து நிக்கறாரு."

அக்கா கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டார். அதற்குப் பிறகும் மழை நாட்களில், லாட்ஜில் கூட்டமில்லாதபோது, அந்தக் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்வார். பால்கனி, நீச்சல் குளம், நடனம் எதுவும் அவருக்கு வேண்டாம். ஒருநாள் சொன்னார்: "எனக்கு கடலு கூடப் பாக்க வேண்டாங்கண்ணு. நான் உக்காரோணும், ஒருத்தன் கொண்டாந்து வெக்கோணும். ஒரே ஒரு வேளை. அது போதும்."

பக்கத்தில் பில் போட்டுக்கொண்டிருந்த காதர் பாய் தலையைத் தூக்கவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிரோஷர்களில் காணாமல் போனவை

கப்பல் பிரோஷர்களை நான் தூக்கிப் போட்டதில்லை. வருடவாரியாக அட்டைப் பெட்டிகளில் வைத்திருக்கிறேன். வரிசையாகப் படித்தால் ஒன்று புரியும். கப்பல்கள் பெரிதாகிக்கொண்டே போகின்றன, ஆரம்பக் கட்டணம் இறங்கிக்கொண்டே வருகிறது, 'கட்டணத்தில் அடங்கியவை' என்ற பகுதி சத்தமில்லாமல் சிறுத்துக்கொண்டே வருகிறது.

ஒரு வருடம் நள்ளிரவு பஃபே இல்லை. இன்னொரு வருடம் அச்சடித்த மெனு போய், போனில் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். ஒரே மேசை, ஒரே பரிமாறுபவர் என்ற ஏற்பாட்டை எடுத்துவிட்டார்கள். அறையைக் காலையும் மாலையும் சுத்தம் செய்தது காலை மட்டும் ஆனது. எடுத்துவிட்டவை ஒழிந்துவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலானவை அடுத்த பக்கத்தில், தனி விலையோடு, புதுப் பெயரில் இருக்கும்.

முதலில் கப்பல் கேட்டு வந்தவர்கள் எஸ்டேட் மேனேஜர் குடும்பங்கள், ஒன்றிரண்டு டாக்டர்கள். கட்டணம் இறங்கிய பிறகு ஜெகதளாவில் ஒரு ஏக்கர் தேயிலை வைத்திருப்பவரும் வந்தார், மார்க்கெட்டில் துணிக்கடை வைத்திருப்பவரும் வந்தார். அது நல்ல மாற்றம்தான். பழைய சேவையை நினைத்து ஏங்கும்போது, அந்த விலைக்கு இவர்களில் ஒருவர்கூட ஏறியிருக்க முடியாது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

சீசனும் ஆஃப் சீசனும்

கொரோனாவுக்குப் பிந்தைய இரண்டாவது ஜூலை. சென்னையிலிருந்து இலங்கைப் பக்கம் போய்வரும் கப்பலுக்கு மார்க்கெட் குடும்பங்கள் சிலவற்றைச் சேர்த்து ஒரு குரூப் போட்டோம். ஊட்டிக் கடைக்காரர்களுக்கு மே மாதம் நகர முடியாது. மழை பிடித்த பிறகுதான் விடுமுறை. கூட அழைத்துப் போகும் பொறுப்பு எனக்கு. நான் ஓய்வு பெறும் முன் எடுத்த கடைசி குரூப் அது.

காதர் பாய் கவுண்டருக்கு வந்து உட்கார்ந்தார்.

"அக்காவுக்கும் எனக்கும் போடுங்க அம்மணி. ஆனா இன்னைக்கு வேண்டாம்."

"ஏனுங்க பாய்?"

"வெல எறங்கும். ஜூலையில பொழுது சாஞ்சும் ரூம் காலியா கெடந்தா நான் என்ன பண்றேன்? பஸ் ஸ்டாண்டுல நிக்கறவன் கேக்கற வெலைக்கே குடுத்துடறேன். கப்பலும் லாட்ஜுதானுங்களே? தண்ணியில மெதக்குது, அவ்வளவுதான்."

எனக்கு இருபது நிமிடம் பிடிக்கும் விளக்கத்தை அவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார். காலியாகக் கிளம்பும் கேபினில் பைசா வராது. அதனால் கடைசியில் எந்த விலைக்கும் தள்ளிவிடுவார்கள்.

"எறங்கலாமுங்க. ஆனா எந்த ரூமுன்னு அவங்கதான் முடிவு பண்ணுவாங்க. ஜன்னல் இருக்காது."

"நானும் அப்புடித்தான். கெஞ்சி வாங்கறவனுக்கு ஜெனரேட்டர் பக்கத்து ரூம்" என்று சிரித்தார். "ராத்திரி தூங்கறதுக்கு ஜன்னல் எதுக்குங்க?"

பத்து நாள் பொறுத்தார். விலை இறங்கியது. மற்றவர்களைவிடக் குறைந்த விலையில் டிக்கெட் வாங்கியதை மார்க்கெட் முழுக்கச் சொன்னார். முன்னால் வாங்கியவர்கள் என்னை முறைத்தார்கள். சாப்பாடு எல்லாம் இப்போது நாமே எடுத்துப் போட்டுக்கொள்வதுதான் என்று அவரிடம் சொன்னேன். "பரவால்லீங்க, கல்யாண ஊட்டுல எடுத்துப் போட்டுத் திங்கறதில்லையா?" என்றார். அக்கா சொன்ன அந்த ஒரு வேளை அப்போது அவருக்கு நினைவில் இல்லை என்றே தோன்றியது. எனக்கு இருந்தது. நல்ல சேலை எது கட்டிக்கொள்வது என்று அக்கா என்னிடம் இரண்டு முறை கேட்டுவிட்டார்.

பஃபேயில்

ஏறிய அன்று மதியம் பஃபேயில் கூட்டம். குழந்தைகள் ஐஸ்கிரீமுக்கு ஓடுகிறார்கள், பெரியவர்கள் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வரிசையில் நகர்கிறார்கள். ஹலால்தானா என்று விசாரித்துச் சொல்லிவிட்டு அக்காவிடம் ஒரு தட்டைக் கொடுத்தேன். பாய் காப்பிக்குப் போனார். நான் குரூப்பில் ஒருவருக்கு நாற்காலி தேடப் போனேன்.

திரும்பி வந்தபோது அக்கா வரிசையில் இல்லை. பிரியாணித் தட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கை நடுங்கும் முதியவர் ஒருவருக்குச் சோறு எடுத்து வைத்திருக்கிறார். அவருக்குப் பின்னால் வந்த பெண்ணும் தட்டை நீட்டியிருக்கிறார். அதற்குப் பின்னால் வந்தவரும். வெள்ளை முக்காடும் நிதானமான கையும் பார்த்துக் கப்பல் ஆள் என்றே நினைத்துவிட்டார்கள். "கொஞ்சமா வாங்கு சாமி, தின்னுட்டு மறுக்கா வா" என்று ஒரு சிறுவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய தட்டு ஓரமாக, காலியாக இருந்தது.

காதர் பாய் காப்பிக் கோப்பையோடு நின்று பார்த்தார். சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் வந்தார்.

"உக்கார வெச்சு பரிமாறுற எடம் இந்தக் கப்பல்ல இல்லீங்களா?"

"மேல ஒண்ணு இருக்குதுங்க. தனி சார்ஜ்."

"எவ்வளவு?"

சொன்னேன். பொறுத்திருந்து டிக்கெட்டில் அவர் மிச்சம் பிடித்ததில் பெரும்பங்கு அந்த ஒரு வேளைக்கே போய்விடும். பேரம் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். பேசவில்லை.

"நாளைக்கு மத்தியானம் போடுங்க. நீங்களும் வாங்க. காசுன்னு தெரிஞ்சா அக்கா வராது. டிக்கெட்டுக்குள்ளயே இருக்குதுன்னு சொல்லீறலாம்."

மேசை

மறுநாள் அக்கா பச்சைப் பட்டுச்சேலையில் வந்தார். பரிமாறியவர் கோவாக்காரர், நாற்பது வயது இருக்கும். நாற்காலியை இழுத்துவிட்டு, துணியை உதறி அக்காவின் மடியில் விரித்தார். அக்கா என்னைப் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

சூப் வந்தது. எடுத்துக்கொண்டு போனார்கள். மீன் வந்தது. அக்கா ஒவ்வொரு தடவையும் எழுந்து தட்டை ஒதுக்கப் போவார், பாய் கையைப் பிடித்து உட்காரவைப்பார்.

"டேய் காதரு, தேங்காப்பால் ரெண்டாம் பாலுடா இது."

"நம்ம ஊட்டுலயா இருக்கறோம்? சாப்புடுக்கா."

"சொல்லக் கூடாதா? நல்லாத்தான் இருக்குது." பிறகு என்னிடம், "அந்தத் தம்பி சாப்ட்டாச்சான்னு கேளு" என்றார்.

கேட்டேன். ஷிஃப்ட் முடிந்துதான் என்றார் அவர். முன்பு பார்த்ததைப்போல இரண்டு பங்கு மேசைகளை இப்போது பார்ப்பதாகவும் சொன்னார். அதை மொழிபெயர்த்துச் சொன்னதும் அக்கா தலையசைத்தார். அதற்குப் பிறகு பரிமாறுபவர் வரும்போதெல்லாம் அக்கா காலித் தட்டுகளை அவர் கைக்கு எட்டும்படி நகர்த்திவைத்தார்.

இனிப்பும் முடிந்து நெடுநேரம் உட்கார்ந்திருந்தோம். கடைசியில் பரிமாறியவர், பில் வைத்த தோல் உறை போட்ட ஒரு சிறிய அட்டையைப் பாயின் முன் வைத்தார். பாய் சட்டென்று திறந்து கையெழுத்துப் போட்டார்.

"எதுக்குடா கையெழுத்து?"

"சாப்பாடு நல்லா இருந்துச்சான்னு எழுதிக் குடுக்கறதுக்கு, அக்கா."

"அப்ப நானும் எழுதறேன். குடு இங்க."

கையை நீட்டிவிட்டார். அக்காவுக்குத் தமிழும் அரபும் படிக்கத் தெரியும், ஆங்கிலம் தெரியாது. ஆனால் எண்கள் எல்லாருக்கும் ஒன்றுதானே. அட்டை திறந்தபடி அவருக்கும் பாய்க்கும் நடுவில் கிடந்தது.

"ரூமுக்கு ஒருத்தர்தான் எழுதலாமுங்கக்கா" என்றேன் நான்.

"ரூல்ஸா? சரி." கையை எடுத்துக்கொண்டார். "நல்லா இருந்துச்சுன்னு போடுடா. அந்தத் தம்பி பேரையும் போடு."

அன்று மாலை, அடுத்த நாளைக்கும் மேசை சொல்லிவிடலாமா என்று பாய் கேட்டார். "வேண்டாம்டா. ஒரு வேளைன்னுதானே கேட்டேன்" என்றார் அக்கா. மறுநாள் பஃபேயில் தட்டை எடுத்துக்கொண்டு, வேண்டியதைப் போட்டுக்கொண்டு, நேராகப் போய் உட்கார்ந்தார். யார் தட்டை நீட்டியும் எழுந்திருக்கவில்லை.

ஊருக்கு வந்த பிறகு

இதனால் தொழிலில் எனக்கொரு தொல்லை வந்தது. கப்பலில் உட்காரவைத்து, மடியில் துணி விரித்து, சூப்பிலிருந்து ஒவ்வொன்றாகப் பரிமாறுகிறார்கள், எல்லாம் டிக்கெட்டுக்குள்ளேயே என்று அக்கா மார்க்கெட் முழுக்கச் சொல்லிவிட்டார். அதுவும் தம்பி பொறுத்திருந்து வாங்கிய அந்தக் குறைந்த விலைக்கு. ஆட்கள் வரிசையாக வந்தார்கள்.

"பாய் அக்காவுக்குப் போட்டுக் குடுத்தீங்களே, அதே ரேட்டு, அதே சாப்பாடு."

உண்மையைச் சொன்னால் அது சாயங்காலத்துக்குள் லாட்ஜ் சமையற்கட்டுக்குப் போய்விடும். சொல்லாவிட்டால் வருகிறவரை ஏமாற்றியதாகும். ஒரு வழி கண்டுபிடித்தேன். பாய்க்குக் கிடைத்த விலை முடிந்துவிட்டது என்று மட்டும் சொல்லிவிட்டு, கட்டணத்தைத் தனியாகவும் மேசைச் சாப்பாட்டைத் தனியாகவும் எழுதிக் காட்டினேன். அதற்குப் பிறகு எல்லாருக்கும் அப்படியே எழுதிக் காட்டும் பழக்கம் வந்தது. இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். விலையைச் சொல்வதற்கு முன், அந்த விலைக்கு யார் தட்டைக் கொண்டுவந்து வைப்பார்கள் என்பதைச் சொல்லிவிடுங்கள். வருகிறவர் எந்த வேளைக்காகப் போகிறார் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மேசையில் திறந்து கிடந்த அந்த பில் அட்டையிலிருந்த தொகையை அக்கா பார்த்தாரா என்பது எனக்குத் தெரியாது. பார்க்கவில்லை, தம்பி சொன்னதை நம்பித்தான் ஊரெல்லாம் சொன்னார் என்று காதர் பாய் உறுதியாகச் சொல்கிறார். பார்த்துவிட்டார், தம்பி சொன்னது பொய்யாகிவிடக் கூடாது என்றுதான் அப்படிச் சொல்லி வந்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டுக்கும் ஆதாரமில்லை. அக்காவிடமே கேட்டுவிடலாம் என்று இரண்டு முறை லாட்ஜுக்குப் போனேன். இரண்டு முறையும் சாப்பிடச் சொன்னார், சாப்பிட்டுவிட்டுத் திரும்பினேன். இந்தக் குறிப்பை எழுதும் இன்றுவரை அது சரிபார்க்கப்படவில்லை.