இலுப்பை மரத்திலிருந்து பார்த்த தீ

கொட்டிவாக்கம் போகிற வழியில், அடையாற்றுப் பாலம் தாண்டியதும் வண்டிக்காரர் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட நிறுத்துகிறார். சித்திரை வெயிலில் கடற்காற்று பலமாக வீசுகிறது. எதிரே ஓலைக் குடிசைகள். நடுவே நெடிய இலுப்பை மரம். அதன் உச்சிக் கிளையில் ஓர் ஆள் தகர டப்பாவும் குச்சியுமாக உட்கார்ந்திருக்கிறான்.

"போன வாரம் பாதிக் குடிசை எரிஞ்சி போச்சு சாமி. காத்து அடங்கறவரிக்கும் கீழ யாரும் அடுப்பு மூட்ட மாட்டாங்க. மேல ஒர்த்தன் பொகை பாத்துக்கினு இருப்பான்" என்கிறார் வண்டிக்காரர்.

இந்த யுத்தத்தில் பட்டணத்தின் மேல் குண்டு விழுந்தால் தீயணைப்பது எப்படி என்று பத்திரிகையில் கட்டுரை எழுதியவன் நான். நல்ல ஏற்பாடு என்று தலையாட்டிக்கொண்டே சுருட்டைப் பற்றவைக்கிறேன்.

மேலே டப்பா அதிர்கிறது. ஈரச் சாக்கும் குடமுமாகச் சனங்கள் ஓடிவருகிறார்கள். எங்கே தீ என்று நானும் பதறி ஓடுகிறேன். குடம் வைத்திருந்த ஒரு பெண் என்னை மறிக்கிறாள்.

"இன்னா நைனா, எங்க ஓடிக்கினு கீற? தீ உன் வாயிலதான் கீது."

குடம் என் தலையில் கவிழ்கிறது.

"அணைஞ்சிச்சா?" என்று உச்சியிலிருந்து கேட்கிறான் காவல்காரன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அண்ணாந்து பார்க்கிறேன்.

"அணைஞ்சிடுச்சுப்பா" என்று நானே பதில் சொல்கிறேன்.