குளோரின் போட்ட குளம்

பெரியகல்லாறு ஊரில் இறால் குளம் வைத்திருந்த அவரை இரண்டு முறை சந்தித்தேன். நெடிய, மெலிந்த மனிதர். நீலச் சட்டையில் குளோரின் தெறித்து வெளுத்த புள்ளிகள். முதல்முறை, வரப்பிலிருந்த மருந்துத் தண்ணீர்த் தொட்டியில் கால் கழுவிய பிறகே என்னை உள்ளே விட்டார்.

"போன முறை நோய் வந்து எல்லாம் செத்துப் போச்சு, தம்பி. இந்த முறை குஞ்சு விட முந்தியே குளோரினை ரெண்டு மடங்காப் போட்டன். ஒரு கிருமி மிஞ்சாது. இதுவும் தவறினா இந்த வயசில கட்டாருக்குக் கூலி வேலைக்குத்தான் போகணும்."

அடுத்த முறை போனபோது கரையோரம் இறால்கள் செத்துக் கிடந்தன. இறால் கழிவின் அமோனியாவை நச்சில்லாததாக மாற்றும் பக்டீரியாக்களும் அந்தக் குளோரினில் அழிந்துவிட்டன என்று, தண்ணீரைச் சோதித்த அலுவலர் சொல்லியிருந்தார்.

"கிருமியில நல்லதும் இருக்கெண்டு ஆருக்குத் தெரியும்?" என்றார் குளத்துக்காரர்.

முன்போலவே கால் கழுவ நான் தொட்டியருகே நின்றேன். அது காய்ந்து கிடந்தது.

"சேத்துக் காலோடயே வாங்க தம்பி. இனி என்னத்தைக் கழுவுற?"

நல்ல கிருமி இருக்குமென்று பக்கத்துக் குளத்தில் கேட்டு வாங்கிய கரிய சேற்றை வாளியிலிருந்து அள்ளி, குஞ்சு விடுவதுபோல் மெல்லத் தண்ணீரில் இறக்கினார். எஞ்சிய இறால்கள் பிழைத்தனவா என்று எனக்குத் தெரியாது. நான் புறப்படும்வரை அவர் கையைக் கழுவவில்லை.