சீனி இறங்கிய மாதமும் மங்கிப்போன என் கண்ணும்

மருந்துக்கடையில் நிற்பவனுக்கு இடுப்பு வலிக்கலாம், பாதம் வீங்கலாம், காது மந்தமாகலாம். கண் மட்டும் மங்கக் கூடாது. பதுளை பஜாரில் ஒரு பாமசியில் இருபத்திரண்டு வருடமாக, டாக்டர் எழுதிய துண்டை வாசித்து மாத்திரை எடுத்துக் கொடுப்பது என் வேலை. சீனி வருத்தத்துக்கு, அதாவது நீரிழிவுக்கு, ஒழுங்காக மாத்திரை போட ஆரம்பித்துவிட்டு, கண் ஏன் இப்படி ஆகிவிட்டது என்று யாரிடமும் சொல்லாமல் பயந்துகொண்டிருக்கும் கூட்டாளிகளே, நானும் உங்கள் கட்சிதான்.

லாச்சிக்குள் போன கண்ணாடி

நாற்பத்தாறு வயதில் வெள்ளெழுத்து வந்து, வாசிக்கக் கண்ணாடி போட்டேன். ஐம்பத்தொரு வயதில் அது தேவைப்படாமல் போனது. மாத்திரை அட்டையின் ஓரத்தில் எறும்பு மாதிரி அச்சடித்திருக்கும் திகதியைக்கூட வெறுங்கண்ணால் வாசித்தேன். கண்ணாடியை மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டு, எல்லாம் வெலிமடைக் கேரட் செய்த வேலை என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன். தூரத்தில் வரும் பஸ்ஸின் போர்ட் கலங்கலாகத் தெரிந்ததை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் பாமசிஸ்ட் மிஸ் யாழ்ப்பாணத்துக்காரர். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். நான் ஒரு காலையிலேயே மூன்று போத்தல் தண்ணீர் குடித்ததையும், பின்பக்கக் கக்கூசுக்கு ஓடி ஓடி வந்ததையும் கவனித்திருக்கிறார். விரலை நீட்டச் சொல்லிக் குத்தினார். மீட்டரில் வந்த பெரிய எண்ணை எனக்குத் திருப்பிக் காட்டினார். பிறகு மிஸ் சொன்னார்: "கண் நல்லா வந்திட்டுதெண்டு சந்தோசப்படாதேங்கோ அண்ணை, அதுவும் சீனிதான்."

மாரிமுத்து அண்ணனுக்கு விழுந்த ஏச்சு

இது அதற்குச் சில வாரங்களுக்கு முன்பு நடந்தது. மாரிமுத்து அண்ணன் எல்ல என்ற ஊரில் வெள்ளைக்காரர்கள் தங்கும் ஒரு விடுதியில் சமையல்காரர். சீனி மாத்திரை தொடங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. இடது கைவிரலில் துணி சுற்றிக்கொண்டு வந்து நின்றார். மாத்திரை போட்ட பிறகு கிட்டத்துப் பார்வை மங்கிவிட்டதாம், லீக்ஸ் வெட்டப் போய் விரலை வெட்டிக்கொண்டாராம், அதனால் மாத்திரையை நிறுத்திவிட்டாராம்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. சீனி கூடினால்தான் கண் போகும், குறைந்தால் போகாது, சாக்குச் சொல்லாதீர்கள் என்று ஆறு பேர் முன்னால் வைத்து வறுத்தெடுத்தேன். மனுசன் தலைகுனிந்து பிளாஸ்டரை மட்டும் வாங்கிக்கொண்டார். படி இறங்கும்போது திரும்பி ஒரு வார்த்தை சொன்னார்: "ஒங்க கண்ணு மங்கினாத் தெரியும் தம்பி."

எழுத்துகள் நீந்திய வாரம்

நானும் கிளினிக்குக்குப் போய் மாத்திரை தொடங்கினேன்; மூன்றாவது வாரம் கண் மங்கியது. சீனி நன்றாக இறங்கியிருந்தது. கிளினிக்கில் டாக்டர் சந்தோசப்பட்டார். ஆனால் துண்டில் இருந்த எழுத்துகள் தண்ணீருக்குள் கிடப்பது மாதிரி நெளிந்தன. லாச்சியில் கிடந்த கண்ணாடியை எடுத்துப் போட்டேன். அதுவும் போதவில்லை.

பயந்தேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. என் பெரியப்பாவுக்குச் சீனியில் இரண்டு கண்ணும் போய், ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயத்துக் காம்பராவிலிருந்து தண்ணீர்ப் பீலிக்குப் போகக்கூட ஆள் கைபிடித்தார்கள். அது எனக்கும் வந்துவிட்டது என்றே முடிவு கட்டினேன். மிஸ்ஸிடம் சொன்னால் வேலை போய்விடும்; வாசிக்க முடியாதவனுக்கு மருந்துக்கடையில் என்ன வேலை? அதனால் சொல்லவில்லை. எந்தப் பெட்டி எந்தத் தட்டில் இருக்கிறது என்பது கைக்குத் தெரியும், அதை வைத்துச் சமாளித்தேன். சந்தேகம் வந்தால் அலுமாரிக்குப் பின்னால் போய், போனில் துண்டைப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு நாள் மிஸ் எட்டிப் பார்த்தார். போனைச் சட்டைப் பைக்குள் சொருகினேன். அவர் கேட்டது இவ்வளவுதான்: "என்ன அண்ணை, வேலை நேரத்திலை படமோ பாக்கிறீங்கள்?"

நடுவில் கோடு

அடுத்த திங்கட்கிழமை நான் என் மாத்திரையை நிறுத்தினேன். ஆமாம், மாரிமுத்து அண்ணனை ஏசிய அதே வாயால் இதைச் சொல்கிறேன். சனிக்கிழமை வந்தபோது எழுத்து கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தது. வைத்தியம் கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்து, போனை எடுக்காமலே கவுண்டரில் நின்றேன்.

செல்லம்மா அக்கா வந்தார். ஸ்பிரிங்வெளியில் கொழுந்து எடுக்கிறவர், எத்தனையோ வருடமாக நம்மிடம் சீனி மாத்திரை வாங்குகிறவர். பஸ் வெளிக்கிடப் போகிறது, சீக்கிரம் என்றார். அவருக்கு வாசிக்க வராது. அதனால் மாத்திரைக் கவரில் காலைக்குச் சூரியனும் இரவுக்குப் பிறையும் கீறிக் கொடுப்பேன். கை தானாகத் தட்டுக்குப் போனது, பச்சை அட்டையை எடுத்தது, எண்ணி வெட்டியது. அழகாக ஒரு சூரியனும் கீறினேன். புதுச் சரக்கு வந்ததால் முந்தின நாள் மிஸ் பெட்டிகளை இடம் மாற்றி வைத்திருந்தார். என்னிடம் சொல்லியும் இருந்தார், கைதான் மறந்துவிட்டது. எல்லாப் பெட்டியிலும் பெயர் எழுதித்தானே இருக்கிறது என்று நினைத்திருப்பார்.

செல்லம்மா அக்கா கவரை வாங்கிக்கொண்டு போகவில்லை. ஒரு மாத்திரையைப் பிதுக்கி உள்ளங்கையில் வைத்து, பெருவிரல் நகத்தால் தடவினார். திருப்பிப் போட்டு இன்னொரு தரம் தடவினார். நான் பஸ் போய்விடும் என்று அவசரப்படுத்தினேன். அவர் மாத்திரையைக் கவுண்டரில் வைத்தார். "எம் மாத்திரைக்கு நடுவுல கோடு இருக்குந் தம்பி. இதுல கோடு இல்லீங்களே."

மிஸ்ஸிடம் சொன்னது

அட்டையைப் போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். அதே மருந்துதான், ஆனால் நாலு மடங்கு வலு. வெறும் வயிற்றில் அதைப் போட்டுக்கொண்டு மலைக்கு ஏறியிருந்தால், சீனி அடிமட்டத்துக்கு இறங்கி எந்தச் சரிவில் விழுந்திருப்பாரோ. சரியான மாத்திரையை மிஸ்ஸைக் கொண்டு எடுப்பித்து, அக்காவை அனுப்பிவிட்டு, மிஸ் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். மாத்திரை நிறுத்தியதையும் சொன்னேன்.

மிஸ் சத்தம் போடவில்லை. சீனி கூடியிருந்த நாளில் கண்ணுக்குள் இருக்கும் வில்லை வீங்கி அதற்குப் பழகிவிடுகிறதாம். சீனி இறங்கும்போது பழைய உருவத்துக்கு வரச் சில வாரங்கள் எடுக்குமாம். அதுவரை கிட்டத்து எழுத்து தடுமாறுமாம். அவசரப்பட்டுப் புதுக் கண்ணாடி வாங்கக் கூடாது, மாத்திரையை நானாக நிறுத்தவே கூடாது என்றார். ஆனாலும் இதுதான் என்று நாமே முடிவெடுக்க முடியாது, திங்கட்கிழமையே ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரிடம் நடந்ததைச் சொல்லி, கண்ணுக்கு மருந்து விட்டுப் பின்பக்கத்தையும் பார்த்து வரவேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். கண் சரியாகும் வரை நான் மருந்தில் கை வைக்கக் கூடாது. வேலை போகவில்லை என்று புரிவதற்கு எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. கடைசியாக அவர் கேட்டார்: "தெரியேல்லை எண்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் வாசிச்சுத் தந்திருக்க மாட்டனோ?"

எல்லவுக்கு ஒரு போன்

கண்ணின் பின்பக்கம் சுத்தமாக இருந்தது. வருடத்துக்கு ஒருமுறை வந்து காட்டச் சொன்னார்கள். டாக்டரிடம் திட்டு வாங்கி, மாத்திரையைத் திரும்பத் தொடங்கினேன். அன்றைக்கே மாரிமுத்து அண்ணனுக்குப் போன் எடுத்தேன். டாக்டரிடம் போகச் சொன்னேன், கண்ணைக் காட்டச் சொன்னேன், மாத்திரையை விடாதீர்கள் என்று கெஞ்சினேன். எனக்கும் மங்கியது என்று கடைசியில்தான் வாயில் வந்தது. அந்தப் பக்கம் எதையோ தாளித்துக்கொண்டே கேட்டார். அடுத்த கிளினிக்குக்குப் போவதாக ஒத்துக்கொண்டார். வைப்பதற்கு முன்பு சொன்னார்: "அப்ப நான் அன்னைக்குப் பொய் சொல்லலதானே தம்பி."

திரும்பவும் கவுண்டரில்

மங்கத் தொடங்கி ஏழாவது வாரம் எழுத்துகள் அசையாமல் நின்றன. லாச்சியில் கிடந்த அதே பழைய கண்ணாடி அளவாகப் பொருந்தியது. மிஸ் பத்து அட்டையை எடுத்துப்போட்டு வாசிக்க வைத்துப் பரீட்சை எடுத்த பிறகுதான் கவுண்டருக்கு விட்டார்.

முதல் சனிக்கிழமை செல்லம்மா அக்கா வந்தார். அட்டையில் இருந்த பெயரையும் அளவையும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். அன்றைக்கு நடந்ததற்கு மன்னிப்பும் கேட்டேன். பரவாயில்லை என்று சிரித்தார். பிறகு ஒரு மாத்திரையைப் பிதுக்கி, என் கண் முன்னாலேயே நகத்தால் தடவினார். கோடு இருந்தது. கவரை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு சொன்னார்: "கண்ணாடி போட்டிருந்தாலும் நான் தடவித்தான் பாப்பேன், கோவிச்சுக்காதீங்க."

இருபத்திரண்டு வருடமாக ஊருக்கெல்லாம் மருந்து கொடுத்தவனுக்கு, கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவர் சொல்வது காதில் விழ, கண் இரண்டும் ஏழு வாரம் மங்க வேண்டியிருந்தது.